மூடிச் சத்தம்

மக்வாலாவின் படத்துக்கு ஒலிப்பதிவு நான்.
குட்டாயிசியில், ரியோனி ஆற்றோரம்,
மூடிப்போன பட்டு ஆலையின் கீழ்த்தளம்.
ஒரு மூலையில் எடிட்டிங் மேசை,
அதை ஒட்டியே அடுப்பு,
தினமும் நாற்பது பேருக்கு பீன்ஸ் சூப்.

சனி, ஞாயிறு கேமரா கல்யாண வீடுகளுக்கு
வாடகைக்குப் போகும்.
வெங்காயம் அந்தக் காசில்தான்.
மானியம் கேட்கப் போன அலுவலகத்தில்
"நீங்கள் இயக்குநரா, சமூக சேவகியா?" என்றார்கள்.
இரண்டு படிவம் கொடுங்கள் என்றாள்.
ஆளுக்கு ஒன்றுதானாம்.

பிப்ரவரியில் ஒருநாள் லமாரா,
இதே ஆலையில் நூல் சுற்றியவள்,
மூன்று மாதமாக வாய் திறக்காமல் சாப்பிட்டுப் போனவள்,
ஜன்னலோரம் நின்று
மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.
கேட்டு வாங்கியதுபோல் வெயில் அவள் கன்னத்தில்.

நான் மைக்கை நீட்டிவிட்டேன்.
மக்வாலாவின் இரண்டு கையிலும்
உருளைக்கிழங்கு மூட்டை.
கேமரா ஐந்தடி தள்ளி, மூடி கழற்றாமல்.

இறக்கி வைத்தால் பேச்சு நின்றுவிடும் என்று
சுமந்தபடியே நின்றாள்,
விரல் நுனிகள் வெளுக்க,
நாலு நிமிஷம்.

படத்தில் அந்த இடம் வெறும் கறுப்பு.
லமாராவின் குரல்,
அதன் அடியில் சூப் அண்டாவின் மூடி
தடதடவென்று.
சுத்தம் செய்துவிடவா என்றேன்.
"கொதிக்கிறதுதானே, இருக்கட்டும்."

முதலில் லமாராவுக்குத்தான் போட்டுக் காட்டினோம்.
கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பாதியில் சட்டென எழுந்து
அடுப்பைத் தணிக்கப் போனாள்.

அன்று அடுப்பு மூட்டவே இல்லை.