பன்னிரண்டுக்கு இருபது

ரெங்கத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
மலிவு விலை வீடுகளின் கடைசி வரிசையில்
பன்னிரண்டடிக்கு இருபதடி மண் எனக்கு.
அதற்கு மட்டும் நான் மருந்தடிப்பதில்லை.

பத்தொன்பது வருஷமாய் அதுதான் தொழில்.
முதுகில் பதினாறு லிட்டர் தோம்பு,
ஒரு கையில் பம்பு, ஒரு கையில் குழல்,
செம்பனை மரத்தடிகளை வட்டம் வட்டமாய்ச் சுற்றிப்
பச்சையைப் பழுப்பாக்கிக் கொடுத்தால்
அன்றைக்குப் பேர் விழும்.
வலது கட்டைவிரலில் நகம் பாதிதான் வளரும்.
நகம் கடிப்பீர்களா என்று கேட்டார்கள் கிளினிக்கில்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம்
ஸ்டோரில் மிஞ்சியதை இவர்
தண்ணீர் போத்தலில் கொண்டுவந்தார்.
"அரை மணி நேர வேலை, தனவல்லி.
ஆளுங்க வருவாங்க இல்ல?"
போத்தலில் அருவிப் படம் கிழியாமல் இருந்தது.
மேசைமேல், மகனின் பள்ளிக்கூட போத்தலுக்கு
ஒரு சாண் தள்ளி.

நான் கத்தவில்லை.
ஒரு பையில் கட்டி, அதை இன்னொரு பையில் கட்டி,
திங்கட்கிழமை பெரட்டுக்கு எடுத்துப்போனேன்.
ஸ்டோர் கிராணி நடேசலிங்கம் புத்தகத்தைப் புரட்டினார்.
வெளியே போவதற்குக் கட்டம் இருந்தது,
திரும்பி வருவதற்கு இல்லை.
கடைசியில் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்.

சிமெண்டு போட்டுவிடலாம் என்றார் இவர்.
எதிர்வீட்டு ரூபவதி போட்டிருக்கிறாள்.
மத்தியானத்தில் அங்கே முட்டை பொரிக்கலாம்.
"வீட்டுக்கு ஒரு களையே இல்லாமப் போச்சுடி"
என்று அவளே சொன்னாள்.
எந்தக் களை என்று கேட்டேன்.
இருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆ லான் கடையில் அட்டைப்பெட்டி வாங்கினேன்:
மைலோ, மீ கோரேங், குழந்தை டயப்பர்.
நனைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏற,
இடுக்கில்லாமல் விரித்தேன்.
மேலே மில்லின் குலைச்சக்கை,
மோட்டார் பின்சீட்டில் ஆறு நடை.
மூன்று வாரம் நாற்றம்.
பக்கத்து வீட்டுக் கக் ரொஸ்மா
துணியைப் பின்பக்கம் காயப்போட்டார், ஒன்றும் சொல்லாமல்.
ஓட்டை போட்டு நட்டது நான்கே:
பாண்டான், செராய், லெங்குவாஸ், ஒரு கறிவேப்பிலை.
தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற ஜாதி.
எனக்கு ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது,
அதிலும் பாதி சலவை.

இரண்டாம் மாதம்
டயப்பர் பெட்டிக் குழந்தையின் கன்னத்தைத் துளைத்து
ஊசியாய் எழுந்தது லாலாங்.
அதை மழைக்கு மறுநாள்தான் இழுக்க வேண்டும்.
அவசரப்பட்டால் பாதி வேர்
மண்ணுக்குள் இருந்துகொண்டு காத்திருக்கும்.
கோரையோடு எனக்குப் பேச்சே இல்லை.
தொட்டாற்சிணுங்கியை வேலியோரம் விட்டேன்,
பூனைகளுக்கு அது புரிகிறது.
மற்றதெல்லாம் கணுக்காலுக்குக் கீழே இருக்கும்வரை
இருக்கட்டும். தாண்டினால் பாராங்.

"இதைப் பிடுங்காதே, தனா" என்றார் கக் ரொஸ்மா ஒருநாள்,
செராய்க்கு அடியில் குந்தி.
"டுக்குங் அனாக்."
பிள்ளையைச் சுமக்கிறதாம் அந்தச் செடி.
இலைத்தண்டைத் திருப்பிக் காட்டினார்:
கீழே வரிசையாய்க் கடுகுக் காய்கள்.
எங்களுக்கு அது கீழாநெல்லி.
நாங்கள் கீழே என்று பார்த்ததை
அவர்கள் முதுகு என்று பார்த்திருக்கிறார்கள்.
எந்த பிளாக்கிலும் அதைக் குழலால் தாண்டிப் போனவள் இல்லை நான்.

ஒன்று மட்டும் விளங்கவேயில்லை.
வாசற்படிக்கு நேராக, ஒரே கோடாக,
ஒட்டுப்புல் எங்கிருந்து வருகிறது?
காற்று இப்படி வரிசை பிடித்து விதைக்காது.
பிடுங்குவேன், பத்து நாளில் மறுபடி.

நேற்று வேலை முடிந்து வந்து
படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.
காற்சட்டை விளிம்பில் குத்தியிருந்த ஊசிகளை
தினமும் போல ஒவ்வொன்றாய் எடுத்து
காலடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரயில் ஒன்று போனது.
கையில் ஒன்று பாக்கி இருந்தது.