ஏழு எண்ணும் வரை

இரண்டடி பிவிசி குழாய்.
சிவப்புப் பட்டைக்கு
இன்சுலேஷன் டேப்பே போதும்.
உச்சியில்
கவிழ்த்த தைல பாட்டில்.

சிடி பிளேயரில் பிடுங்கிய மோட்டார்
முதல் நாள்
ஆம்புலன்ஸ் மாதிரி சுற்றியது.
கறிவேப்பிலையைச் சுற்றி வந்த ரயில்
தண்டவாளத்து நத்தைக்கு நின்றது.

அடுக்களை ஜன்னலில்
உவரிக்காரி ரொஸாலி:
‘ரெண்டு வெட்டு. பொறவு
ஏழு எண்ணுத வரைக்கும் இருட்டு.
இருட்டு சரியா இல்லன்னா
வள்ளத்துல வாரவனுக்கு
எந்த ஊருன்னு எப்படித் தெரியும்?’

மோட்டாரைக் கழற்றினேன்.
இருட்டை அளக்க மட்டும்
மூன்று ரெசிஸ்டர் மாற்றவேண்டியிருந்தது.

ஐப்பசியில் ஓர் இரவு
மகாராஜநகர் ஓடை
கேட்டைத் தாண்டி வந்தது.
ரயில் அலமாரியில்.
படியில் நின்று பார்த்தோம்.
யார் வீட்டு இடதுகால் செருப்போ
நேரே விளக்கைப் பார்த்து வந்தது.

ரொஸாலி எண்ணினாள்.

அடுத்த வெட்டில்
அது
தாண்டியிருந்தது.