குற்றியலுகரம்

திங்கள், புதன் வகுப்பறையில்.
செவ்வாய், வியாழன் கைப்பேசியில்.
பாதி முகம், பாதி கண்ணாடி.
இந்த ஆங்கிலப் பாடத்துக்கு நான் வைத்த பெயர் அது;
சயாமாவிடம் சொல்லவில்லை.

மோல்மீனில் மின்சாரம்
நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இராது.
பாடம் எந்தப் பக்கம் விழும் என்று
முதல்நாள் இரவே கணக்குப் போடுவேன்.
இருட்டுப் பக்கம் விழுந்தால்
கீழ் மெயின் ரோட்டில்
ஜெனரேட்டர் வைத்த டீக்கடை.
கடைப்பையன் மேசையைத் துடைக்க வருவான்.
மூன்றாம் முறை துடைக்கும்போது
இன்னொரு கோப்பை சொல்லிவிட வேண்டும்.
இலக்கணம் எனக்கு இனிப்பாக இருப்பது
அதனால்கூட இருக்கலாம்.

இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார்கள்:
காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறாய்?
'காத்துக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு
அவர்களுக்கு நாலு சொல் வேண்டும்,
ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்.
முதல் பதிவில் சேவல்.
மூன்றாவதில் அப்பா,
"யாரோட பேசுற?"
ஏழாவதில் கரண்ட்.
பதினோராவது பழுதில்லாமல் வந்தது.
ஏற்றினேன்.
தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது,
ஆற்றைக் கடக்காத படகுபோல.

போய்ச் சேர்ந்த பிறகு சயாமா எழுதினார்:
நன்று, மா நீலா வின்.
ஆனால் உன் சொற்களுக்கு வால் இருக்கிறது.
புக்கு, மில்க்கு, ரைஸு.
வெட்டு.

வீட்டில் நான் நீலாவதி.
பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டில்
லைட்டு வருவதும் லைட்டு போவதும்
அந்த வாலோடுதான்.
அரை மாத்திரைகூடத் தேறாத உகரம்,
அதை எந்தக் கத்தியால் வெட்டுவது?

இருவர் இருவராகப் பேசும் அறையில்
எனக்கு வாய்த்தது ஒரு கறுப்புச் சதுரம்.
மி குன் சான், முடோன்.
பின்னால் ரப்பர் பால் தகடாகும் உருளைச் சத்தம்.
அவளுக்கு என் நோய் தலைகீழ்:
புக் அவளிடம் பு,
மில்க் அவளிடம் மில்,
ரைஸ் வெறும் ரை.
அவள் விழுங்கியதை நான் இரட்டிப்பாகத் துப்பினேன்.
சதுரத்துக்குள் இருவருக்கும் பயமில்லை.
ரப்பர் விலை, என் அண்ணனின் கடன்,
அவளுக்கு வந்த பெண்பார்க்கும் படலம்
எல்லாவற்றையும்
தப்புத்தப்பான ஆங்கிலத்தில் பேசித் தீர்த்தோம்.
இரண்டு பேரின் தாய்மொழியும் இல்லாத இடத்தில்
சிரிப்பதற்கு வசதியாக இருந்தது.

ஆனால் திங்கட்கிழமை
முப்பத்தெட்டுத் தனாக்காக் கன்னங்களில்
எது அவள்?
கேட்க வெட்கம்.
வகுப்பில் எல்லோருடைய ஒலியும் அணைந்தே இருந்தது.
சயாமா கேள்வி கேட்டால்
பெஞ்சைப் பார்ப்போம், நிற்கும் மின்விசிறியைப் பார்ப்போம்.
ஆறு வாரமாக
முன்பெஞ்சுப் பெண்ணின் பின்னலைப் பார்த்தபடி
குறிப்பெடுத்தேன்.

ஒரு புதன்கிழமை, வருகைப் பதிவை
ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள்.
பின்னல் எழுந்தது.
"ப்ரெஸெ."
கடைசி மெய்களைக் காணோம்.
மழையில் நனைந்த ரப்பர் வாசனை
ஆறு வாரமும் என் மூக்கெதிரேதான் இருந்திருக்கிறது.

என் முறை வந்தது.
"ப்ரெஸென்ட்டு."
பின்னல் சட்டென்று திரும்பிற்று.

நேரில் பேச
இருவருக்கும் ஒரு சொல்லும் வரவில்லை.
அவள் கண், அவள் பல், வெற்றிலைக் கறை,
இவையெல்லாம் சதுரத்தில் இல்லாதவை,
எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.
தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்,
ஒலியைத் திற என்பதுபோல.

அப்போது விசிறி முனகிச் சுற்ற ஆரம்பித்தது.
குழல்விளக்கு இரண்டு தடவை கண்சிமிட்டிப் பிடித்தது.

அவள் "லை" என்றாள்.
நான் "ட்டு" என்றேன்.

சயாமா நிமிர்ந்து பார்த்தார்.
வெட்டவில்லை இன்னும்.
வியாழக்கிழமை பார்க்கலாம்,
கரண்ட் இருந்தால்.