தொண்ணூற்று நாலாம் பக்கம்

நியூரி நூலகம், வியாழன் மாலை.
ஹீட்டர் ஓரம் ஈரக் குடைகள்.
ஒரே நாவல், ஏழு பிரதிகள்.

குண்டு வைத்தவனை மூன்றாம் அத்தியாயத்திலேயே
கண்டுபிடித்துவிட்டாராம் டெர்மட்,
சீட்டு விழுந்தவர் மாதிரி முகம்.
கிரானியாவுக்கு நாயகிமேல் எரிச்சல்:
"இந்தக் குடி குடித்தால் வயரை யார் வெட்டுவது?"
பஸ் ஓட்டும் லோர்க்கன் விடிய விடிய வாசித்து
முதல் டிரிப்பைத் தவறவிட்டார்.
முடிவு சப்பென்று போனதாக நான் சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

ஹேஸல் பிஸ்கட்டை உடைத்துக்கொண்டே இருந்தார்,
தின்னவில்லை.
அவர் பிரதியில் தொண்ணூற்று நாலில் ஒரு பஸ் டிக்கெட்.
அதற்கப்பால் தாள்கள் புத்தம் புதுசு.

"கதையில் அவளுக்குக் கை நடுங்குகிறது,
குண்டுக்கு முன்னால்.
என் ராய்க்கு அங்கே நடுங்கியதே இல்லை.
வீட்டில்தான்.
சட்டைப் பொத்தான் போடும்போது.
நான்தான் போட்டுவிடுவேன்
மேலிருந்து கீழாக.
பேசிக்கொள்ள மாட்டோம்."

டெர்மட் குடையைத் தேடினார்.
மழை எப்போதோ விட்டிருந்தது.
அடுத்த மாதம் சமையல் புத்தகம் ஏதாவது
வாசிக்கலாமா என்றார் கிரானியா.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு ஹேஸல் சிரித்தார்,
மடியில் கிடந்த தூளைத் தட்டிவிட்டு.