ஒற்றைக் கூறல்

வலையில் ஒன்றே ஒன்று. இருபத்தாறு கிலோ.
கடலூர் துறைமுகத்தில் ஏலம் முடிந்தபோது
ஒன்றேகால் லட்சம்.
வயிற்றுக்குள் இருக்கும் நெட்டிக்குத்தான் அந்த விலையாம்.

முந்தியில் முடிந்துகொண்டு நடந்தேன்.
சோனாங்குப்பம் பக்கம்தான். அதற்குள்
டீசல்காரர் பாதியை எண்ணிக்கொண்டார்.
குழுவில் எட்டுத் தவணை.
அடகிலிருந்து தோடு மட்டும் வந்தது,
சங்கிலி வட்டியில் மூழ்கிவிட்டதாம்.
இன்ஜினுக்குக் கடன் தந்த அஞ்சாப்புலி
வாழ்த்துச் சொல்ல எங்கள் வாசலில் நின்றார்.
பணம் கேட்கவில்லை.
நின்றார்.

ராத்திரிக்கு ரசம்தான்.
இருந்த ஒரே மீனும் போயிற்றே.

ஊருக்கு நாங்கள் இன்னும் லட்சக்காரர்கள்.
நேற்று தெய்வயானை
மகள் ஃபீசுக்குக் கைமாற்று கேட்டாள்.
சத்தியமாக இல்லை என்றேன்.
என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.