காய்ச்சலும் பாய்ச்சலும்

வருகைப் பதிவேட்டில் எனக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டு.
வந்தால் பி.
வராவிட்டால் ஏ.
யாரையோ மரியாதையில்லாமல் கூப்பிடுவது போலிருக்கும்
எழுதுகிற ஒவ்வொரு முறையும்.

முத்தொரை பாலாடாவில் கேரட் கழுவும் இடம்.
இரவு ஒன்றரைக்கு மோட்டார் போட்டால்
ஐந்துக்குள் லாரி மலை இறங்க வேண்டும்.
மேட்டுப்பாளையத்து ஏலம் யாருக்கும் காத்திருக்காது.
தை மாதத் தண்ணீர் கையைக் கடிக்கும்.
புல்லின்மேல் உறைபனி, உப்பைக் கொட்டினாற்போல.
உருளைக்குள் கேரட் புரளும் சத்தத்தில்
யார் இருமுகிறார்கள் என்று கேட்காது.

மரியபுஷ்பம் இருமியது எனக்குக் கேட்டது,
மோட்டார் நின்ற பிறகு.
"வீட்டுக்குப் போயேன்க்கா."
"போனா என்ன எழுதுவே?"
அதற்கு என்னிடம் எழுத்தில்லை.

நாலே நாளில் சுக்ராம் ஓரானுக்கு,
அவனோடு ஒரே அறையில் படுக்கும் மூன்று பேருக்கு,
மூட்டை ஏற்றும் தாசனுக்கு,
எனக்கு.
வியாழக்கிழமை லாரி எட்டு மணிக்குக் கிளம்பியது.
சரக்கு பாதி விலைக்குப் போனது.
ஹாலண்ணன் போனை வைத்துவிட்டு
சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்.
கோபம்கூட வரவில்லை அவருக்கு.

மறுவாரம் ஊட்டியில் கூட்டம்.
நோய் விடுப்புக்குச் சம்பளம், வரைவு விதி, கருத்துக் கேட்பு.
முதலாளிகள் ஒரு பக்கம், கூலிக்காரர்கள் ஒரு பக்கம்,
நடுவில் ஆறிப்போன வடை.
படிவத்தில் 'தங்கள் கருத்து' என்று மூன்று வரி இடம்.

"எழுதும்மா. பயிருக்கே காய்ச்சலும் பாய்ச்சலும்
மாத்தி மாத்தி வேணும்,
ஆளு மட்டும் வருஷம் முழுக்க ஈரத்துல நிக்கணும்னா...
இல்ல, அதை எழுதாதே.
இதை எழுது: எட்டுப் பேரை வெச்சு நடத்துறவனும்
எண்ணூறு பேர் எஸ்டேட்டும் ஒண்ணா?
வாங்கின கடனுக்கு வட்டி போக
எனக்கு நிக்கிறது மூட்டைக்குப் பதினோரு ரூவா.
திங்கக்கிழமை மட்டும் வர்ற காய்ச்சலுக்கு
யாரு பொறுப்பு?"

எழுதினேன். எல்லாம் உண்மைதான்.
"அந்த வியாழக்கிழமையையும் எழுதட்டுமா அண்ணா?"
"அது என் நஷ்டம். அரசாங்கத்துக்கு எதுக்கு?"
கொஞ்சம் கழித்து, "எழுது" என்றார்.
மூன்று வரியும் தீர்ந்திருந்தது.
ஓரத்தில், பக்கவாட்டில் எழுதினேன்.

எதிர்ப்பக்கத்தில் மரியபுஷ்பம் எழுந்தாள்.
மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் கேரட்டைப் போல் பிடித்தாள்.
"மொத நாளே டாக்டர் சீட்டு கேட்டா
பஸ்ஸுக்கு அம்பது, டாக்டருக்கு எறநூறு.
வரிசையில நிக்க
வேற உடம்பு வேணும் சார்."
யாரோ சிரித்தார்கள்.
அதிகாரி சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

விதி இன்னும் வரவில்லை.
மூன்று மாதம் பார்ப்போம் என்றார் ஹாலண்ணன்.
இரண்டு நாள் வரை சீட்டு வேண்டாம், அரைக்கூலி.
மூன்றாம் நாள் சீட்டு, பஸ் காசு நம்முடையது.
முழுக்கூலி கேட்டாள் மரியபுஷ்பம்.
கால்கூலியில் தொடங்கியிருந்தார் அவர்.
இருவருக்கும் திருப்தியில்லை, இருவரும் தேநீர் குடித்தார்கள்.

ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கிழித்தேன்.
அதற்கு எழுத்து 'நோ'.
"நோன்னு போட்டா இல்லேன்னு ஆயிடாதா?"
"நோவுல பாதிண்ணா. அரைக்கூலிக்கு அரை வார்த்தை."
முறைத்தார்.

முதல் மாதம் கட்டம் காலி.
யாருக்கும் நோவில்லை என்று நம்ப நான் தயாரில்லை.
இரண்டாம் மாதம் சுக்ராம் வரவில்லை.
திங்கட்கிழமை.

ஹாலண்ணன் பதிவேட்டைப் பார்த்தார்,
காலண்டரைப் பார்த்தார்,
தகரக் கூரைக்குக் கீழே சாத்திய கதவைப் பார்த்தார்.
என் பேனா இரண்டு கட்டங்களுக்கு நடுவே நின்றது.

"ரெண்டு நாளைக்குச் சீட்டு வேணாம்னுதானே பேச்சு?"
யாரிடமோ சண்டைக்குப் போவது போலச் சொன்னார்.

எழுதினேன். நோ. முந்நூறு ரூபாய்.

ஓர் ஆள் குறைவு, மணி ஒன்று நாற்பது.
பூட்ஸை மாட்டிக்கொண்டு அவரே தண்ணீரில் இறங்கினார்.
முதல் நிமிடத்திலேயே
நான் எழுத முடியாத ஒரு வார்த்தையில்
தண்ணீரைத் திட்டினார்.