அடியில் போகும் சத்தம்

சனிக்கிழமை கோவையில் 'இரும்புத்தும்பி'க்கு வாசிப்பேன்.
கல்லூரி மைதானம், புகை எந்திரம்,
மூன்று ஸ்வரம் முந்நூறு முறை.
விசில் எல்லாம் கிட்டார்க்காரனுக்கு.
டிரம்ஸ்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
பேஸ் என்பது
நின்றால் மட்டும் தெரிகிற ஃபேன்.

ஞாயிறு இரவு வாளையார் தாண்டிப் போவேன்.
சாவடியில் டார்ச் அடித்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.
ஏது பாட்டாணு வாயிக்கான் போகுன்னது?
இன்னும் தெரியாது சார்.
அதை எழுத
அவர் நோட்டில் கட்டம் இல்லை.

கஞ்சிக்கோட்டுக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி
பூட்டிப்போன பிளைவுட் கிடங்கு.
பிரசீதா கல்யாணங்களில் சாக்ஸபோன் ஊதுகிறவள்,
இங்கே வந்தால் முக்கால்வாசி காற்றைத்தான் ஊதுவாள்.
தேவஸ்ஸிக்குட்டிக்கு லேத் பட்டறை;
லாரி பிரேக் டிரம் நாலைத் தொங்கவிட்டு
ஒன்றைத் தட்டலாமா வேண்டாமா என்று
பத்து நிமிஷம் யோசிப்பார்.
அந்த யோசனையும் கேட்கும்.

ஒன் டூ த்ரீ ஃபோர் சொல்ல ஆள் கிடையாது.
யாரும் ஆரம்பித்திருக்க மாட்டோம்,
ஆரம்பித்திருக்கும்.
தடித்த கம்பியைச் சாவி திருகித் தளர்த்தி
சுருதிக்கும் கீழே, இன்னும் கீழே,
கம்பி கயிறாகித் தொங்குகிற இடம் வரை போவேன்.
எங்கள் பாடகன் ஹரீந்திரன் ஒருமுறை வந்து கேட்டுவிட்டு
இதுல டியூன் எங்கடா என்றான்.
தேடிக்கொண்டிருந்தோம் என்று சொல்லியிருக்கலாம்.
டீ குடிக்கிறியா என்று கேட்டேன்.

அன்றைக்குக் கதவைத் தட்டியது வாட்சர் பொன்னன்.
கையில் டார்ச், காலில் ரப்பர் செருப்பு, மூச்சிரைப்பு.
மேல கேக்கறதெல்லாம் இருக்கட்டும்,
அடியில ஒண்ணு போகுதே, அத மட்டும் நிறுத்துங்க.
மூணு ஆனை லைன் மேல நின்னுபோச்சு.
காத இந்தப் பக்கம் வெச்சு நிக்குது, நகர மாட்டேங்குது.
பன்னெண்டு நாப்பதுக்கு வண்டி.

பதினாறு வருஷத்தில்
என் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்ட முதல் ஆள்.
ஆம்ப்பை அணைத்தேன்.
சிவப்பு விளக்கு சாக மூன்று நொடி எடுத்தது.

மற்ற இருவரும் நிறுத்தவில்லை.
நான் இருந்த பள்ளத்தைச் சுற்றி, விழாமல்,
மெதுவாக வாசித்துக்கொண்டு போனார்கள்.
எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.
வயரைப் பிடுங்கிப் போட்டு
பேஸின் கொம்பில் தாடையை அழுத்தி
வெறும் கம்பியை மீட்டினேன்.
மரம் எலும்புக்குச் சொல்ல எலும்பு பல்லுக்குச் சொன்னது.
கிடங்கில் வேறு ஒருவருக்கும் கேட்டிருக்காது.

வண்டி ஒரு மணிக்கு வந்தது.
ஹாரன் நீளமாக இல்லை, பிரேக் கிறீச்சிடவில்லை.
தகரம் அதிர்ந்து அடங்கியது.
பொன்னன் திரும்பி வருவான் என்று
ரெண்டு மணி வரை கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.
வரவில்லை. வராததை
நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டோம்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை வரை
கீழ்வரிசைப் பல் கூசிக்கொண்டிருந்தது.